ஆகஸ்ட் 24: காவலும் அந்தரங்கமும்

இந்தியாவில் அந்தரங்க உரிமை குறித்துப் பேசும் எவரும் 2017 ஆகஸ்ட் 24 என்னும் நாளைத் தவிர்த்துவிட்டுப் பேச இயலாது. அந்தரங்கம் அரசமைப்புச் சட்டம் காக்கும் அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி, மைசூர் மகாராஜா கல்லூரியில் பயின்றவர். ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012இல் அவர் நீதிமன்றத்தை நாடியபோது வயது 86.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்ட் 24 மாலை, மைசூரின் சாமுண்டி மலையடிவாரத்தில் ஒரு மாணவி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். உடனிருந்த நண்பர் தாக்கப்பட்டார். இரு நிகழ்வுகளும் ஒரே தேதியில் அமைந்தது தற்செயல்தான். ஆயினும் பொதுவிடங்களில் கேமராக் கண்காணிப்பு பற்றிய விவாதத்தின் இரு தரப்பும் இந்த இரு நாள்களுக்குள் அடங்கியிருக்கின்றன. ஒருபுறம், அரசின் பார்வை எல்லை மீறக் கூடாது என்னும் கோட்பாடு. மறுபுறம், காப்பதற்கு எவரும் இல்லாத ஓர் இருட்டு. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி மக்களைக் கேட்பதே வழக்கமாகிவிட்டது. அந்தக் கேள்வி சரியானதுதானா என்பதை மைசூரில் அடுத்து நடந்தவற்றைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம்.

அந்த மாணவியும் நண்பரும் அத்தகைய ஒதுக்குப்புறத்திற்குச் சென்றிருக்கக் கூடாது என்று அன்றைய மாநில உள்துறை அமைச்சர் கூறினார். கண்டனம் எழுந்ததும் அதைத் திரும்பப் பெற்றார். மைசூர்ப் பல்கலைக்கழகம் ஒரு சுற்றறிக்கை விடுத்தது. மானசகங்கோத்ரி வளாகத்தில் மாலை 6.30 மணிக்குப் பிறகு மாணவியர் தனியே செல்வதற்கும், குக்கரஹள்ளி ஏரிப் பகுதிக்குள் நுழைவதற்கும் அது தடை விதித்தது. மாணவர்களும் பெண்கள் அமைப்புகளும் எதிர்த்த பின் அதுவும் விலக்கிக்கொள்ளப்பட்டது. குற்றம் புரிந்தோர் ஆண்கள். நடமாட்டம் சுருங்கியது பெண்களுக்கு. அக்கறையினால் பிறந்த ஆணையாகவே அது இருந்திருக்கலாம். ஆனால் அக்கறை முதலில் கைவைத்தது பாதிக்கப்படக்கூடியவரின் சுதந்திரத்தின் மீதுதான் என்பதைக் கண்காணிப்பு பற்றிப் பேசும்போது மறக்கலாகாது.

இத்தகைய கொடுமை ஒவ்வொன்றுக்கும் பின்னர் கேமராக்களைப் பெருக்க வேண்டும் என்னும் கோரிக்கை எழுகிறது. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2016 ஜூன் 24 காலையில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது அந்நிலையத்தில் ஒரு கேமராகூட இல்லை. அக்கம்பக்கத்துக் கட்டடங்களின் பதிவுகளைத் தேடியே காவல்துறை சந்தேக நபரின் உருவத்தைப் பெற்றது. தன் மகள் நாள்தோறும் ரயிலேறும் நிலையத்தில் கேமரா வேண்டும் என்று கேட்கும் பெற்றோரிடம் அரசமைப்புச் சட்ட விளக்கம் மட்டும் சொல்லி அனுப்புவது நியாயமாகாது.

எனினும், கேமரா எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. பைசா, வெல்ஷ், ஃபாரிங்டன், தாமஸ் ஆகிய நால்வர் 2019இல் வெளியிட்ட தொகுப்பாய்வு நாற்பது ஆண்டுக்கால ஆய்வுகளை ஒருங்கே மதிப்பிட்டது. கேமரா பொருத்திய இடங்களில் குற்றங்கள் ஏறத்தாழ 13 விழுக்காடு குறைந்திருந்தன. வாகன நிறுத்துமிடங்களில் பயன் மிகுதியாக இருந்தது. வன்முறைக் குற்றங்களிலோ குறிப்பிடத்தக்க குறைவு தென்படவில்லை. அவ்வாய்வுகளிற் பெரும்பாலானவை பிரிட்டனையும் அமெரிக்காவையும் சார்ந்தவை. இந்தியச் சூழலுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் திருட்டைத் தடுக்கும் கருவி வன்கொடுமையையும் தடுத்துவிடும் என்னும் நம்பிக்கைக்கு அவை ஆதரவளிக்கவில்லை.

மைசூர் வழக்கு துலங்கிய விதமும் எண்ணிப் பார்க்கத்தக்கது. நான்கே நாள்களில், ஆகஸ்ட் 28 அன்று, தமிழ்நாட்டைச் சேர்ந்த ஐவர் கைது செய்யப்பட்டதைக் காவல்துறை அறிவித்தது. செல்பேசிக் கோபுரப் பதிவுகளும், நிகழ்விடத்தில் கிடைத்த பேருந்துப் பயணச்சீட்டும் துப்புத் துலக்க உதவியதாக அன்றைய செய்திகள் கூறின. கோபுரப் பதிவும் கண்காணிப்பின் ஒரு வகையே. அதில் தொடர்பில்லாத பலருடைய எண்களும் சிக்கும். ஆனால் அது ஒரு குற்றம் நிகழ்ந்த பின், ஒரு குறிப்பிட்ட இடத்தையும் நேரத்தையும் பற்றி, ஒரு வழக்கின் பெயரால் கேட்டுப் பெறப்படுவது. எக்குற்றமும் நிகழாத நாளிலும் எல்லோரையும் பதிந்து வைப்பது வேறு. முன்னதற்கு எல்லை உண்டு. பின்னதற்கு எல்லையைச் சட்டம்தான் வகுத்துத் தர வேண்டும்.

பொதுவிடத்தில் நடப்பவருக்கு அந்தரங்கம் ஏது என்பது அடிக்கடி எழும் வாதம். இதற்கான விடை அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வழக்கில் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் கொள்ளை வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்ட கரக் சிங் என்பவரைக் காவல்துறை இடைவிடாது கண்காணித்தது. நள்ளிரவிலும் வீட்டுக் கதவைத் தட்டியது. 1962இல் உச்சநீதிமன்றம் இரவு வருகைகளைத் தடை செய்தது. ஆனால் வெளியில் பின்தொடர்ந்து கண்காணிப்பதில் பிழை காணவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை அன்று என்றும் கூறியது. நீதிபதி கே.சுப்பா ராவ் மாறுபட்டார். ஒருவருடைய உடலைக் கட்டாமல் விட்டாலும், அவருடைய ஒவ்வோர் அடியும் பதிவாகிறது என்றால் அது சுதந்திர நடமாட்டம் ஆகாது என்பது அவர் கருத்தின் சாரம். புட்டசாமி வழக்கின் தீர்ப்பு, கரக் சிங் வழக்கில் அந்தரங்கத்தை மறுத்த பகுதியைச் செல்லாது என்றது. அந்தரங்கம் இடத்தைச் சார்ந்ததன்று, மனிதரைச் சார்ந்தது. வீட்டை விட்டு வெளியே வந்ததனால் மட்டும் அது நீங்கிவிடுவதில்லை என்றும் தெளிவுபடுத்தியது.

இதன் பொருள் பெண்களின் நடமாட்டத்தில்தான் முழுமையாக விளங்கும். மும்பைப் பெண்களின் நகர வாழ்வை ஆராய்ந்த ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகியோர் 2011இல் வெளியிட்ட நூலில், காரணம் எதுவும் இன்றிப் பொதுவெளியில் திரியும் உரிமையைப் பெண்களுக்காகக் கோரினர். கல்லூரிக்கோ கோயிலுக்கோ செல்லும் பெண்ணை ஊர் ஏற்றுக்கொள்கிறது. ஏரிக்கரையில் சும்மா அமர்ந்திருப்பவளை ஏற்பதில்லை. குக்கரஹள்ளிக் கரையில் கவிஞர் குவெம்பு நடந்தார் என்பது மைசூரின் பெருமை. அதே கரையில் அந்தி சாய்ந்த பின் நடக்கும் மாணவியிடம் மட்டும் காரணம் கேட்கப்படுகிறது. கேமரா அவளைக் காக்கவும் கூடும். அவள் யாருடன் வந்தாள் என்பதை வேறொருவருக்குக் காட்டிக்கொடுக்கவும் கூடும். சாதி, மதம் கடந்த நட்புக்கே தண்டனை விதிக்கத் துடிக்கும் கும்பல்கள் உலவும் காலத்தில் இது வெறும் கற்பனை அச்சம் அன்று. 2013இல் டெல்லி மெட்ரோவில் இணைகளின் நெருக்கம் பதிவான காட்சிகள் ஆபாசத் தளங்களில் வெளியாயின. 2025இல் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் களவாடப்பட்டு இணையத்தில் விலைபோயின. இரண்டிடத்திலும் கேமரா பாதுகாப்பின் பெயரால்தான் பொருத்தப்பட்டிருந்தது.

பதிவுகள் யாருக்குக் கட்டுப்பட்டவை என்பதே, ஆகவே, மையக் கேள்வியாகிறது. கர்நாடகத்தின் 2017ஆம் ஆண்டுப் பொதுப் பாதுகாப்புச் சட்டம், மக்கள் பெருமளவில் கூடும் நிறுவனங்கள் கேமரா பொருத்தி, 30 நாள்களுக்குக் காட்சிகளைச் சேமித்து, காவல்துறை கேட்கும்போது தர வேண்டும் என்கிறது. கடைக்காரருக்கு இவ்வளவு தெளிவான கடமை இருக்கிறது. காவல் நிலையங்களிலோ? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி உயிரிழந்தனர். நிலையத்தின் சேமிப்புக் கருவியில் இடம் இருந்தும், அன்றன்றைய காட்சிகள் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் குற்றவியல் நடுவரின் விசாரணை வெளிக்கொணர்ந்தது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்தி, பதிவுகளை 18 மாதங்களும், அதற்கு வழியில்லையெனில் குறைந்தது ஓராண்டும் காக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வாணை முழுமையாக நிறைவேறாத நிலையில், 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுக்க நேர்ந்தது. குடிமகன் மீது அயராத கண், அதிகாரத்தின் மீது அயரும் கண். இந்த ஏற்றத்தாழ்வு நீடிக்கும்வரை, குற்றமற்றவர் எதற்கு அஞ்ச வேண்டும் என்னும் வாதத்தை அதிகாரத்தில் இருப்போர் சொல்வதற்குத் தகுதியில்லை.

கேமராக்களை எல்லாம் கழற்றிவிட வேண்டும் என்பது இதன் முடிவு அன்று. 2017 தீர்ப்பே அந்தரங்கத்தை எல்லையற்ற உரிமையாகக் கொள்ளவில்லை. அதில் குறுக்கிடுவதற்குச் சட்டத்தின் அடிப்படை வேண்டும், முறையான நோக்கம் வேண்டும், நோக்கத்திற்கு மிகாத அளவு வேண்டும் என்றது. பிரிட்டன் 2012இல் ஒரு சட்டம் இயற்றி, அதன்கீழ் 2013இல் கண்காணிப்புக் கேமராக்களுக்கான நடத்தை நெறிகளை வகுத்தது. அவற்றைக் கவனிக்க ஓர் ஆணையரையும் ஏற்படுத்தியது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, குற்றத் தடுப்புக்கும் புலனாய்வுக்கும் தாராளமாக விலக்களிக்கிறது. பொது ஒழுங்கின் பெயரால் அரசு அமைப்புகளை முற்றாக விலக்கவும் இடம் தருகிறது. கதவைச் செய்து, பூட்டை மட்டும் மறந்த கதை இது.

அந்தப் பூட்டு அரிய பொருள் ஒன்றும் அன்று. எங்கெங்கே கேமரா இருக்கிறது என்பதை மக்கள் அறிய வேண்டும். யார் எப்போது காட்சியைப் பார்த்தார் என்பது குறித்து வைக்கப்பட வேண்டும். காலக்கெடு முடிந்ததும் வழக்குக்குத் தேவையற்றவை அழிக்கப்பட வேண்டும். பாதிக்கப்பட்டவர் கேட்டால் பதிவு கிடைக்க வேண்டும். முகத்தை அடையாளம் காணும் மென்பொருளைப் பழைய கேமராவின் மேல் ஓசையின்றி ஏற்றிவிடாமல், அதற்கெனத் தனிச் சட்டம் வேண்டும். இவற்றைக் காவல்துறைக்கு வெளியிலுள்ள ஓர் அமைப்பு மேற்பார்க்க வேண்டும்.

மலையடிவாரத்தில் அன்று இல்லாமற் போனவை தெருவிளக்கும், சுற்றிவரும் காவலரும், அச்சமின்றி வந்து செல்லும் மக்களும்தாமா, கேமரா மட்டும்தானா என்பதை ஊரின் திட்டங்களை வகுப்போர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பாதுகாப்பும் அந்தரங்கமும் ஒன்றையொன்று தின்று வளர்பவை அல்ல. இரவில் வெளியே செல்லவும், சென்றதற்கு எவரிடமும் கணக்குச் சொல்லாமல் இருக்கவும் ஒரு மாணவிக்கு ஒரே நேரத்தில் உரிமை உண்டு. அவ்விரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கும்படி அவளிடம் கேட்கும் எந்தத் திட்டத்தையும் பாதுகாப்புத் திட்டம் என்று அழைப்பது பொருந்தாது.