பெண்கள் பக்கத்து விஜயகாந்த்

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே படத்தைத்தான் பார்த்தோம். ஆனாலும் ஆண்கள் பார்த்த விஜயகாந்த் வேறு, நாங்கள் பார்த்த விஜயகாந்த் வேறு. அவர் சுவரில் காலை ஊன்றிச் சுழன்று உதைக்கும்போது அந்தப் பக்கம் விசில் கூரையைப் பிய்க்கும். பெரியம்மா அப்போதுதான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவாள். சண்டை முடியும்வரை அவளுக்குத் திரையில் வேலையில்லை. "அடிச்சு முடிக்கட்டும், அப்புறந்தான் அவன் மொகத்தப் பாக்கணும்" என்பாள்.

2023 டிசம்பர் 28-ஆம் தேதி அவர் போய்விட்டார். தொலைக்காட்சியில் நாள் முழுக்க அவரைப் பற்றியே பேசினார்கள். படப்பிடிப்பில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு போட்டதைச் சொன்னார்கள், நடிகர் சங்கக் கடனை அடைத்ததைச் சொன்னார்கள், அரசியலைச் சொன்னார்கள். அத்தனையும் உண்மை. நடிப்பு என்று வந்தபோது மட்டும் சிவந்த கண்களையும் எகிறி அடித்த உதைகளையும் காட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போனார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. பெரியம்மா இருந்திருந்தால் அவளுக்கும் ஆறியிருக்காது.

எங்கள் கொட்டகைக்குப் படம் வந்து சேர மாதக்கணக்காகும். சாயங்காலம் குழாயில் சீர்காழியின் பிள்ளையார் பாட்டு கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்புவார்கள். தரை டிக்கெட்டில் மணலைக் கூட்டி மேடு கட்டி உட்காருவோம். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும் போதெல்லாம் விளக்குப் போட்டுவிடுவார்கள். கதை உச்சத்தில் நிற்கும்போது சடாரென்று வெளிச்சம் வரும். பெண்கள் அத்தனை பேரும் முந்தானையைக் கண்ணில் ஒற்றியபடி அகப்பட்டுக்கொள்வார்கள். 'வைதேகி காத்திருந்தாள்' ஓடிய இரவில் விளக்கு எரிந்த ஒவ்வொரு முறையும் அப்படித்தான் இருந்தது.

அந்தப் படம் 1984-இல் வந்தது, ஆர். சுந்தர்ராஜன் இயக்கியது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் விஜயகாந்துக்குப் 18 படங்கள் வெளிவந்தன என்பார்கள். 'சட்டம் ஒரு இருட்டறை'க்குப் பிறகு அவரைக் கோபக்கார இளைஞனாகவே எல்லோரும் வைத்திருந்த நேரம். ஒரு படத்தில் பழிவாங்கி முடித்த கையோடு அடுத்த படத்தில் பழிவாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தவரைத் தாடியும் கலைந்த தலையுமாக ஒரு கிராமத்தில் கொண்டுபோய் விட்டார்கள். வெள்ளைச்சாமி. முறைப்பெண் வைதேகியைப் பறிகொடுத்த துக்கத்தில் ஊரை விட்டு வந்தவன். பகலில் ஊராருக்கு எடுபிடி, ராத்திரியில் ஜெயச்சந்திரன் குரலில் இளையராஜாவின் பாட்டு. அந்த ஊரில் கைம்பெண்ணாக இருக்கும் ரேவதியின் பெயரும் வைதேகிதான்.

பாட்டும் கவுண்டமணியின் பெட்ரோமாக்ஸ் விளக்கும்தான் இன்றைக்குப் பேச்சில் மிஞ்சியிருக்கின்றன. நான் நினைத்துப் பார்ப்பது விஜயகாந்தின் தோள்களை. மற்ற படங்களில் விறைத்து நிற்கும் அதே தோள்கள் இதில் தொங்கிப்போய் இருக்கும். நடக்கும்போது பார்வை தரையில் கிடக்கும். யாராவது ஏவினால் நிமிர்ந்து பார்க்காமலே போய்ச் செய்வான். துக்கத்தை வசனமாகச் சொல்லத் தெரியாத ஆண்களை எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்கு ஒருவர் உண்டு. வாய்க்கால் வரப்பில் தனியாக உட்கார்ந்து பீடி குடித்துவிட்டு, சோற்றுக்குக் கூப்பிட்டால் பேசாமல் வந்து சாப்பிட்டுப் போகிற ஆண்கள். திரையில் அப்படி ஒருவரை எங்கள் நிறத்திலேயே பார்த்தபோது பெண்கள் பக்கம் கரைந்துபோனது.

நிறத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மதுரையில் அரிசி ஆலை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை அவர், பெயர் விஜயராஜ். வெயிலில் நின்ற நிறம். பவுடர் பூசி மறைத்தாலும் அது மறையவில்லை. மறையாததால்தான் அவர் அழுதால் எங்கள் அண்ணன் அழுவது போலிருந்தது.

சண்டை நடிகருக்கு நடிப்பு வராது என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். சண்டைக்காட்சியில் உடம்பை நம்பும்படி வைத்துக்கொள்பவருக்குத்தான் சும்மா நிற்கும்போதும் உடம்பை எப்படி வைப்பது என்று தெரியும். கையை ஓங்கத் தெரிந்தவர் ஓங்காமல் அடக்குகிறபோது அந்த அடக்கத்துக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது. அடிக்கவே தெரியாதவர் பொறுத்துப்போனால் நாம் ஐயோ பாவம் என்போம். விஜயகாந்த் பொறுத்துப்போனால் அடிவயிற்றில் என்னவோ செய்யும். 'பூந்தோட்டக் காவல்காரன்' ஞாபகம் வருகிறது. 1988 என்று நினைவு. ஓடிவந்த காதலர்களுக்கு அடைக்கலம் கொடுக்கும் ஒரு முரடனும் அவன் பெண்டாட்டியும். ராதிகாவும் அவரும் அதில் பேசிக்கொள்ளாமலே குடும்பம் நடத்தினார்கள். பக்கத்து வீட்டுத் தம்பதிகளைப் பார்ப்பது போலிருந்தது.

'ஊமை விழிகள்' அதற்கு இரண்டு வருஷம் முந்தியது. திரைப்படக் கல்லூரியில் படித்த பையன்கள் சேர்ந்து எடுத்த படம். ஆபாவாணனும் இயக்குநர் அரவிந்தராஜும் அவர்களில் இருந்தார்கள். விஜயகாந்துக்கு அப்போது முப்பத்து மூன்று வயதுதான். துள்ளிக் குதிக்கும் நாயகனாக ஓடிக்கொண்டிருக்க வேண்டிய காலத்தில், தலை நரைத்த போலீஸ் அதிகாரி தீனதயாளனாக வர ஒப்புக்கொண்டார். அனுபவம் இல்லாத பிள்ளைகளை நம்பி முகத்தில் வயசை ஏற்றிக்கொண்டார். அதே படத்தில் பத்திரிகை ஆசிரியராக வந்த ஜெய்சங்கரும் துப்பறியும் படங்களிலேயே பெயர் வாங்கியவர். அவரையும் யாரும் நல்ல நடிகர் என்று வாய் நிறையச் சொன்னதில்லை. அந்தப் பத்திரிகை அலுவலகக் காட்சிகளில் ஜெய்சங்கரின் முகத்தைப் பாருங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து எனக்கு வருத்தம் இருக்கிறது.

அப்புறம் கொட்டகை காலம் முடிந்து டெக் காலம் வந்தது. சடங்கு வீட்டிலும் காதுகுத்து வீட்டிலும் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடியவிடிய மூன்று படம் போடுவார்கள். 'சத்ரிய'னை நான் முற்றத்தில் பாய் போட்டுத்தான் பார்த்தேன். மணிரத்னம் தயாரித்து கே. சுபாஷ் இயக்கிய 1990-ஆம் வருஷத்துப் படம். மனைவியைப் பறிகொடுத்து, காக்கியைக் கழற்றிவிட்டு, பிள்ளைகளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வாழும் பன்னீர்செல்வம். எதிரில் திலகன். அந்த மகா நடிகர் பழைய பன்னீர்செல்வம்தான் தனக்கு வேண்டும் என்று சீண்டிச் சீண்டிக் கூப்பிடுவார். விஜயகாந்த் பதில் சொல்லாமல் நிற்பார். தாடை மட்டும் இறுகும். திலகனுக்கு எதிரே நின்று, வசனம் இல்லாமல், ஒரு அங்குலம் குறையாமல் இருந்த நடிகர்கள் தமிழில் எத்தனை பேர்? இதைக் கோபத்தோடுதான் கேட்கிறேன்.

'சின்ன கவுண்ட'ரில் அந்த மொய் விருந்தை விட்டுவிட்டுப் போக முடியாது. எங்கள் பக்கத்தில் மொய்க்கு இருக்கும் மானம் மரியாதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு பந்தியில் உட்கார்ந்து இலைக்கடியில் தாலியை வைத்துவிட்டு எழுந்துபோகும் தவசி. கையில் அதிகாரம் உள்ளவன், ஒரு பெண்ணிடம் கேட்கத் தயங்கி, கேட்டும் கேட்காமலும் போகிற நடை அது. அந்த நடைக்காகப் பெரியம்மா அந்தக் கேசட்டைத் திரும்ப ஓட்டச் சொன்னாள்.

ரஜினிக்கு 'முள்ளும் மலரும்' கொடுக்க மகேந்திரன் இருந்தார். அதனால் ரஜினியை எவ்வளவு வேண்டுமானாலும் ஸ்டைல் என்று சொல்லிவிட்டு, கடைசியில் காளியைக் காட்டி ஒத்துக்கொள்வார்கள். விஜயகாந்துக்கு அப்படிச் சுட்டிக்காட்ட ஒரே ஒரு படம் அமையவில்லை. அவருடைய நல்ல நடிப்பு ஐம்பது அறுபது படங்களில் சிதறிக் கிடக்கிறது. இரண்டு சண்டைக்கும் ஒரு டூயட்டுக்கும் நடுவில் மூன்று நிமிஷம், நான்கு நிமிஷம் என்று. 1991-இல் நூறாவது படமான 'கேப்டன் பிரபாகரன்' ஓடிய ஓட்டத்தில் கேப்டன் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த மூன்று நிமிஷங்களும் சுருங்கிப்போயின. தேசிய விருது மேடையில் சிறந்த நடிகராக அவர் ஒருமுறையும் ஏறவில்லை. 2002-இல் 'ரமணா' வந்தபோது, ஐம்பது வயதில், கத்தாமல் தாழ்ந்த குரலில் பேசும் அந்தப் பேராசிரியரைப் பார்த்துப் பத்திரிகைகள் புதிய விஜயகாந்த் என்று வியந்தன. பெண்கள் பக்கத்துக்கு அவர் புதியவரே இல்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. பெரியம்மாவும் இல்லை. பேரப்பிள்ளைகள் விஜயகாந்தின் கடைசிக் கால மேடைப் பேச்சுகளைத் துண்டுதுண்டாக வெட்டிச் சிரித்ததைப் பார்த்தே அவரை அறிந்தவர்கள். உடம்பு முடியாத ஒரு மனிதரின் குழறலைத்தான் அவர்கள் கேட்டிருக்கிறார்கள். இப்போது பழைய படங்களைத் துலக்கி மறுபடி வெளியிடுகிறார்கள். 'கேப்டன் பிரபாகரன்' அப்படி வந்தபோது கூட்டம் கூடியது. சந்தோஷம்தான். அடுத்து 'வைதேகி காத்திருந்தாள்' வர வேண்டும். கைபேசியில் பார்த்தால் அந்தத் தொங்கிய தோள்கள் தெரியாது. பெரிய திரையில், முழு இருட்டில், பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்ட ஆசைப்படுகிறேன்.