மரச்சட்ட வண்டியில் மன்னாருக்கு

நல்லூரில் எமது வீட்டு முற்றத்திலே, மாமரத்தின் கீழ், ஒரு மோட்டார் வண்டி மூன்றாண்டுகள் அசையாமல் நின்றது. முன்பாதி இரும்பு, பின்பாதி மரச்சட்டம். தெருவால் போகும் பிள்ளைகள் அதனை 'அலுமாரிக் கார்' என்று அழைப்பர். அதன் உண்மைப் பெயர் மொறிஸ் மைனர் ட்ரவலர். 1966ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே செய்யப்பட்டது. 1978ஆம் ஆண்டில் எமது தந்தையார் அதனைக் கொழும்பிலே ஒருவரிடம் பழைய வண்டியாக வாங்கி யாழ்ப்பாணத்துக்கு ஓட்டி வந்தார். 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது, வீட்டிலிருந்த மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் எண்ணெய் தேடிக்கொண்டு, வண்டியை மாமரத்தடியில் விட்டுவிட்டோம்.

சென்ற ஐப்பசியில் தந்தையார் எம்மை அழைத்து ஒரு விருப்பத்தைச் சொன்னார். மன்னாரிலே தம் மகளோடு வாழும் மூத்த தமக்கையாரை ஒருமுறை பார்க்கவேண்டும். தந்தையாருக்கு வயது எண்பத்துநான்கு. எமது பெரிய மாமிக்குத் தொண்ணூறு. இத்தகைய விருப்பத்தை ஒத்திவைத்தல் ஆகாது என்பது வாசகர்களுக்கும் தெரியும்.

"ஒரு வான் பிடிச்சுக்கொண்டு போவம், அப்பா" என்றோம்.

"போறதெண்டால் எங்கடை காரிலைதான் போறது" என்றார் அவர்.

அந்நாட்களில்தான் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து வண்டிக்கு நல்ல விலை பேசிச் சென்றிருந்தார். 2020ஆம் ஆண்டு பங்குனியில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 மாசியில் மீண்டும் தொடங்கியபோதிலும், புதிய வண்டியின் விலை எம்போன்றோர் கைக்கு எட்டும் நிலையில் இல்லை. பழைய வண்டிகளுக்கு மதிப்பு ஏறியிருந்தது. வீட்டுக்கூரையோ மழைக்கு ஒழுகியது. எனவே எமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். வண்டி மன்னாருக்குப் போய்த் திரும்பினால் வைத்திருப்பது. வழியில் நின்றுவிட்டால் விற்றுக் கூரையை வேய்வது.

நகரிலுள்ள ஒரு கராஜில் கேட்டோம். மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது விறகுக்குத்தான் ஆகும்" என்றனர். ஆகவே வீட்டிலேயே வேலையைத் தொடங்கினோம். பதினாறு வயதுடைய எம் மகன் கைகொடுத்தான். தந்தையார் சாய்மனைக் கதிரையில் அமர்ந்து கட்டளையிட்டார். கை நடுங்குவதால் ஸ்பானர் பிடிக்க அவரால் இயலாது. ஆனால் செவி கூர்மையாகவே இருந்தது.

இவ்வண்டியைப் பற்றிச் சில வார்த்தைகள். மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். அது 1948ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிரித்தானியாவில் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதலில் எட்டிய கார் இதுவே. மரச்சட்டம் கொண்ட ட்ரவலர் 1953இல் தொடங்கி 1971வரை செய்யப்பட்டது. இம்மரம் வெறும் அலங்காரமன்று. ஆஷ் என்னும் மரத்தாலான அச்சட்டமே பின்புறக் கூரையையும், அலுமினியத் தகடுகளையும், கதவுகளையும் தாங்கி நிற்கிறது. மரம் உக்கினால் வண்டி உக்கியது என்றே பொருள்.

முதலிற் பிறேக்கைக் கவனித்தோம். ஓடாத வண்டி வீட்டிலே நிற்கும். நில்லாத வண்டி எங்கே போய் நிற்கும்? பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மூன்றாண்டுகளில் அந்த ஈரம் சில்லுச் சிலிண்டர்களைக் கறல் பிடிக்கச் செய்திருந்தது. முன்சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு, பின்சில்லு ஒவ்வொன்றிலும் ஒன்று, ஆக ஆறு. ஆறையும் கழற்றி இறப்பர்களை மாற்றினோம். மாஸ்டர் சிலிண்டரோ சாரதியின் காலடியிலே, தரைத் தகட்டின் கீழ், சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுக்க இரண்டு நாட்கள் சென்றன. வண்டியின் கீழே படுக்குமுன் ஜக்கை மட்டும் நம்பாது, கனத்த பனங்குற்றிகள் நான்கினைச் சட்டத்தின் கீழ் வைத்தோம். வீட்டில் வேலை செய்பவர் எவரும் இதனை மறக்கலாகாது.

அடுத்தது முன்சில்லுகளைத் தாங்கும் ட்ரனியன் என்னும் திருகாணி மூட்டு. சில்லு இடமும் வலமும் திரும்புவது இதன் மேல்தான். கிறீஸ் காணாது உலர்ந்தால் புரி தேய்ந்து, ஒருநாள் திடீரெனக் கழன்று, முன்சில்லு மடிந்து வண்டி தரையில் குந்திவிடும். இவ்வண்டியின் பெரிய பலவீனம் இதுவே. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடித்தல் தந்தையாரின் விதி. அதற்கென அவர் ஒரு கொப்பி வைத்திருக்கிறார். 1978 தொடக்கம் திகதியும் மைலும் அதில் எழுதப்பட்டுள்ளன.

அந்தக் கொப்பியை மகன் புரட்டினான். 1990க்குப் பின் சில பக்கங்களில், எஞ்சின் எண்ணெய் மாற்றிய திகதிகள் மிக நெருக்கமாக இருந்தன. காரணம் கேட்டான். வடபகுதிக்குப் பெற்றோல் தடைப்பட்ட காலம் அது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலைக் காபுரேற்றருக்குள் சில துளி விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறவேண்டும். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து கீழேயுள்ள எண்ணெயை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய் தாங்கிகளைத் தின்றுவிடும். அதனாற்றான் அடிக்கடி மாற்றினார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டுத் தந்தையார், "அந்தப் போத்தில் இப்பவும் உள்ளுக்குக் கிடக்கும், பார்" என்றார். சாரதியின் ஆசனத்தின் கீழ் அது கிடந்தது.

2002ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெற்றோல் நாட்டில் நிறுத்தப்பட்டது. ஈயத்தை நம்பிச் செய்யப்பட்ட பழைய எஞ்சின்களில் வால்வு இருக்கைகள் மெல்ல மெல்லத் தேயும். வால்வு இடைவெளி குறுகும். எனவே அந்த இடைவெளியை அடிக்கடி அளந்து, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு இருக்கும்படி திருத்தவேண்டும். அதனை மகனே செய்தான்.

இறுதியாக மரம். அயலிலுள்ள தச்சர் ஒருவர் உளியால் மெதுவாகக் குத்திப் பார்த்தார். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் தேங்குமிடத்தில், இருபுறத்துக் கீழ்ச்சட்டங்களும் கஞ்சிபோல் இளகியிருந்தன. அவற்றை முழுமையாக நீக்கித் தேக்குப் போடுவதில் எவருக்கும் மறுப்பில்லை. வலப்புறத்து நிமிர்சட்டமும் அடியில் உக்கியிருந்தது. "முழுக்க மாத்தினால் வடிவாயிருக்கும்" என்றார் தச்சர். தந்தையார் சம்மதிக்கவில்லை. "உக்கினதை மட்டும் வெட்டு. மேலை இருக்கிறதைத் தொடாதை" என்று கண்டிப்பாகச் சொன்னார். தச்சர் முணுமுணுத்தபடி, உக்கிய அடிப்பாகத்தைச் சாய்வாக வெட்டி, தேக்குத் துண்டைப் பொருத்தி ஒட்டினார். பழைய மரம் கறுத்தும் புதிய மரம் வெளுத்தும் தெரிந்தன. வார்னிஷ் மூன்று முறை பூசியும் அந்த வேறுபாடு மறையவில்லை. கிழவரின் பிடிவாதம் என்றே நாம் எண்ணினோம்.

தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். தந்தையார் முன்னே, மனைவியும் மகனும் பின்னே, அவர்களுக்கும் பின்னால் கருவிப்பெட்டி, தண்ணீர்க் கலன், பினாட்டு, மாமிக்கென வாங்கிய சேலை. சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்பு 'டிக், டிக்' என்று அடித்து, காபுரேற்றர் நிரம்பியதும் ஓய்ந்தது. அவ்வொலி ஓய்ந்தால் நலம். ஓயாது அடித்தால் எங்கோ ஒழுக்கு அல்லது தாங்கி வெறுமை என்பது பொருள்.

செம்மணி வெளியில் பனி படர்ந்திருந்தது. நாவற்குழிப் பாலத்தை நெருங்கியபோது தந்தையார் பேச்சை நிறுத்தினார். 1995ஆம் ஆண்டு ஐப்பசி முப்பதாம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இவ்வழியால் வெளியேறினர். மழை. எமது வண்டிக்குள் ஒன்பது பேர், பெரும்பாலும் முதியோரும் குழந்தைகளும். சில மைல் வழிக்கு ஓர் இரவு முழுவதும் சென்றது. எஞ்சின் கொதிக்காதிருக்க அதனை நிறுத்தி நிறுத்தித் தள்ளினார்கள்.

பாலத்தைக் கடந்து மன்னார் வீதியிலே திரும்பினோம். தனங்கிளப்புச் சதுப்பில் நீர்ப்பறவைகள் ஒற்றைக்காலில் நின்றன. கேரதீவிலிருந்து கடலேரியைக் கடக்க முன்னாளில் 'பாதை' என்னும் மிதவையில் வண்டிகளை ஏற்றுவர். இன்று 2011 தையில் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் இருக்கிறது. சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்தோம். பூநகரியில் பனைகளும், பழைய கோட்டையின் இடிபாடுகளும், மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பேர்பெற்ற வயல்களும் கடந்தன. முழங்காவிலில் நின்று தேநீர் அருந்தி, றேடியேற்றரையும் சில்லுகளின் சூட்டையும் பார்த்தோம். யாவும் செம்மை.

வெள்ளாங்குளத்தைத் தாண்டி இலுப்பைக்கடவைக்குப் போகும் வழியில் எஞ்சின் இருமுறை இருமி நின்றது. இருபுறமும் காடு. எமக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒழுகும் கூரையே. உழவு இயந்திரத்தில் வந்த ஒருவர், "கட்டி இழுக்கட்டோ, ஐயா?" என்று அன்போடு கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்கோ, தம்பி" என்ற தந்தையார் பேரனைப் பார்த்து, "சாவியைத் திருப்பிப்போட்டுக் காதைக் குடு. என்ன கேக்குது?" என்றார்.

"ஒண்டும் கேக்கேல்லை, அப்பப்பா."

"அப்ப பிழை எங்கை?"

மகன் சிறிது யோசித்தான். பின் முன்மூடியைத் திறந்து, பம்பின் தலையில் ஸ்பானரின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினான். 'டிக், டிக்' என்றது. மூடியைக் கழற்றி, ஒட்டிக்கொண்ட மின்முனைகளுக்கிடையே ஒரு கடதாசித் துண்டை இழுத்துத் துடைத்துப் பூட்டினான். கால்மணி நேரத்தில் வண்டி ஓடியது. அதனை நின்றதாகக் கணக்கிடுவதா என்னும் வழக்கு மன்னார்வரை நீடித்தது. "அது நிக்கேல்லை, மூச்சு வாங்கினது" என்பது தந்தையாரின் தீர்ப்பு.

விடத்தல்தீவு, திருக்கேதீச்சரம் போகும் சந்தி, தள்ளாடி எனக் கடந்து மன்னார்த் தீவுக்குள் நுழைந்தோம். தாம்போதியின் இருமருங்கும் ஆழமற்ற நீரிலே பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாய் நின்றன. நகரில் கழுதைகள் வழிவிட மறுத்து நடுவீதியில் நின்றன. பள்ளிமுனைப் பக்கம், அரபு வணிகர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் பெருக்கமரம், பானைபோல் பருத்த உடலோடு இருந்தது.

பெரிய மாமி பொல்லூன்றிப் படலைவரை வந்துவிட்டார். தம்பியின் முகத்தைத் தடவினார். பின்னர் வண்டியின் வலப்புறம் மெதுவாக நடந்து, அந்த நிமிர்சட்டத்தின் மேற்பாகத்தைக் கையால் பற்றினார்.

"அண்டைக்கு உள்ளை இடமில்லை. விடியும்வரை இந்தக் கட்டையைப் பிடிச்சுக்கொண்டுதானே நடந்தனான்" என்றார்.

நாமும் அவ்விரவில் அவ்வண்டியைத் தள்ளியவர்களே. ஆயினும் பின்னால் நின்று இருளில் தள்ளிய எமக்கு, பக்கத்தில் அவர் எதைப் பற்றி நடந்தார் என்பது தெரிந்திருக்கவில்லை. தந்தையார் ஒன்றும் பேசாமல் நின்றார். மாமியின் விரல்கள் கறுத்த மரத்தில் இருந்தன. ஒரு சாண் கீழே வெளுத்த தேக்கு தொடங்கியது.

இரண்டு நாட்கள் தங்கினோம். உடன்பிறந்தார் இருவரும் திண்ணையிலிருந்து ஓயாது பேசினர். புறப்படுகையில் மாமி வண்டியைச் சுற்றித் தேங்காய் உடைப்பித்தார். திரும்பும் வழியில் பம்பு குறையொன்றும் சொல்லவில்லை.

வீடு வந்த அன்றே கொழும்புக்காரருக்குக் கடிதம் எழுதி, வண்டி விற்பனைக்கில்லை என்று அறிவித்தோம். கூரைக்கு இவ்வாண்டு கிடுகு வைத்துச் சமாளித்து, அடுத்த போகத்துக்குப்பின் ஓடு மாற்றுவதாகத் தீர்மானம். தந்தையார் கொப்பியை எடுத்து மகனிடம் நீட்டினார். போகவர ஏறத்தாழ நூற்று நாற்பது மைல். மகன் திகதியை எழுதி, மைலை எழுதி, கீழே ஒரு கோடிட்டு, அடுத்த கிறீஸ் எந்த மைலில் என்பதையும் குறித்து வைத்தான்.