விஜயனுக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

இடஒதுக்கீடு பற்றிப் பேச்செடுத்தால், "திறமை இருந்தா யாரும் தடுக்க முடியாது தோழர், ஐ.எம்.விஜயனைப் பாருங்க" என்று நம் பிள்ளைகளே சிலர் சொல்கிறார்கள். அம்பத்தூரில் பலருக்கு அவர் 'திமிரு' படத்து வில்லன், 'பிகில்' படத்தில் வந்தவர். அந்த ஸ்ட்ரைக்கரின் கதையை முழுதாகப் பார்ப்போம்.

1969இல் திருச்சூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் விஜயன். அந்த ஊர் மைதானத்தில் ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்குச் சோடா விற்ற சிறுவன். பதின்பருவத்திலேயே அவரைச் சேர்த்துக்கொண்டது கேரளக் காவல்துறை அணி. 1990இல் அந்த அணி பெடரேஷன் கோப்பையை வென்றது. பிறகு மோகன் பகான், பஞ்சாபின் ஜேசிடி, எஃப்.சி. கொச்சின், ஈஸ்ட் பெங்கால். வங்காள ரசிகர்கள் அவரைக் 'காலோ ஹரின்', அதாவது கறுப்பு மான் என்றார்கள். 1999இல் காத்மாண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டில் பூட்டானுக்கு எதிராக 12ஆவது நொடியிலேயே கோல் அடித்தார்.

இதெல்லாம் திறமைதான். ஆனால் திறமை பசியாற்றாது. அவர் ஆடிய ஜேசிடி 2011இல் கலைக்கப்பட்டது. நிலைத்து நின்றது காவல்துறை வேலை. ஆட்டக்காலம் முடிந்ததும் அங்கேதான் பணியாற்றினார், 2025இல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பத்மஸ்ரீயும் கிடைத்தது.

பாலா தேவியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் மதர்வெல் அணிக்கு எதிராகக் கோல் போட்டார். அவரும் மணிப்பூர் காவல்துறையில் வேலை பார்த்தபடி ஆடி வளர்ந்தவர்தான்.

என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் இடதுகாலால் அடித்தால் கோல்கீப்பர் நகரவே மாட்டான். அப்பா இறந்ததும் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனான். மாவட்ட அணித் தேர்வு நாளில் லீவு கேட்டான். "போனா வேலைக்கு வராதே" என்றார் சூப்பர்வைசர். அவன் போகவில்லை. அதோடு ஆட்டம் நின்றது. அவனுக்குத் திறமை குறைவு என்று யாராவது சொல்வீர்களா?

விஜயனைக் காட்டி ஒதுக்கீடு வேண்டாம் என்பவரிடம் கேளுங்கள்: அரசு வேலை இல்லாமல் எத்தனை விஜயன்கள் எஸ்டேட் ஷிப்டில் கரைந்தார்கள்?

தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் எந்தப் போட்டியின் சான்றிதழ் செல்லும் என்பது நம் தெருப் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. அரசாணையைப் படியுங்கள். மைதானத்துக்குப் போய் அவர்களுக்குச் சொல்லுங்கள். கோப்பையைவிட அந்தத் தாளைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.