உப்புக் கரிக்கும் நெற்றி

"இவனை முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறதா, அம்மா?" என்று சிதம்பரத்து டாக்டர் கேட்டதும் என் தமக்கை சிரித்துவிட்டாள்.

"கரிக்காமல் என்ன? கடலூர்க் காற்றில் வளர்கிற பிள்ளையாயிற்றே!"

டாக்டர் சிரிக்கவில்லை.

அக்காவின் பேரனுக்கு ஆறு வயது. பிறந்தது முதல் இருமல். எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. இளைப்பு என்றார் ஒரு வைத்தியர். பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்றார் இன்னொருவர். ஸிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்ற பெயரை அன்றுதான் கேட்டோம். வெள்ளைக்காரக் குழந்தைகளின் நோய் என்று நெடுங்காலம் இங்கே எண்ணியிருந்தார்களாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வியர்வையைச் சோதித்தார்கள். சந்தேகம் உறுதியாயிற்று.

கதை எழுதுகிறவனுக்கு அரைகுறையாகக் கேட்ட விஷயம் தூக்கத்தைக் கெடுக்கும். தேடிப் படித்தேன். 1948-இல் நியூயார்க்கில் கொளுத்திய வெயிலில் மயங்கி விழுந்த குழந்தைகளில் இந்நோயாளிகள் அதிகம் இருந்தார்கள். அவர்கள் வியர்வையில் உப்பு மிகுதி என்று 1953-இல் டாக்டர் டி சாண்ட் ஆக்னீஸ் நிறுவினார். கோளாறான மரபணு அகப்பட்டது 1989-இல். உயிரணுவின் வாயிலில் உப்பை விட்டு வாங்க ஒரு புரதம் உண்டு. அது சரியாக மடியாமல் வழியிலேயே அழிந்துபோகிறது. அதனால்தான் நுரையீரலில் சளி பிசினாகிறது. 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரையில் மூன்று மருந்துகள். இரண்டு அந்தப் புரதத்தை மடித்து வாயிலில் சேர்க்கின்றன. மூன்றாவது கதவைத் திறக்கிறது. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போகிறார்கள்.

விலையைப் பார்த்தேன். அங்கே ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல்! அதுவும் எல்லா மரபணுப் பிழைக்கும் கேட்காது. மேல்நாட்டில் மிகப் பரவலான பிழை நம்மவரிடம் அவ்வளவாக இல்லை. பையனுக்கு எந்தப் பிழை என்று சொல்லும் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

"மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள், அக்கா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அப்படியானால் வாங்கிக்கொண்டு வாயேன், தம்பி" என்றாள். ஐம்பது ரூபாய் டானிக் வாங்கச் சொல்லும் குரல்!

இப்போதைக்கு உணவோடு செரிமான மாத்திரை; உப்பு நீரை ஆவியாக்கி மூச்சில் இழுக்க ஒரு கருவி; காலையும் மாலையும் முதுகைத் தட்டிச் சளியை வெளியேற்றுவது. அக்காவின் கை அதில் பழகிவிட்டது. கோடையில் உப்பு கூடுதலாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

சென்ற வாரம் சிதம்பரம் ஸ்டேஷனில் மாங்காய்ப் பத்தை விற்றார்கள். பேரன் கேட்குமுன் அக்கா காசை நீட்டினாள்.

"காரம் வேண்டாம் அப்பா. உப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் போடு."