லலிதா ராயின் மகன்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு வாடகை அறைக்கு மாதம் இருமுறை போய்வருவேன். முல்லைத்தீவிலிருந்து வந்த ஓர் அம்மாவும் பேத்தியும் அங்கே இருக்கிறார்கள். 2009இல் காணாமல்போன மகனின் படம் சுவரில் தொங்குகிறது. இரத்மலானையில் இறங்கும் சிறு விமானத்தின் இரைச்சல் கேட்டால் இன்றும் அம்மாவின் பேச்சு பாதியில் நின்றுவிடும்.

பேத்திக்கோ விமானம் ஓட்ட ஆசை. "அந்தக் காலத்தில எங்கட பக்கத்து ஆக்கள் ஆரும் பிளேன் ஓட்டினவையோ அக்கா?" என்று கேட்டாள். அம்மாவின் முன்னால் போர்விமானக் கதை சொல்லத் தயங்கினேன். "சொல்லு பிள்ளை" என்றார் அவரே.

இந்திரலால் ராய் 1898இல் கல்கத்தாவில் பிறந்தவர். லண்டனில் படித்தார். முதலாம் உலகப் போரின்போது விமானப்படையில் சேரப் போனார். கண்பார்வை போதாதென்று திருப்பி அனுப்பினார்கள். மோட்டார் சைக்கிளை விற்று, பெரிய கண் வைத்தியர் ஒருவரிடம் காட்டி, 1917இல் எப்படியோ சேர்ந்துவிட்டார். அந்த ஆண்டிலேயே விமானம் விழுந்தது. இறந்துவிட்டதாக நினைத்துப் பிணவறையில் வைத்துவிட்டார்கள். அங்கேதான் நினைவு திரும்பியது! படுக்கையில் கிடந்தபடி விமானங்களாக வரைந்து தள்ளினாராம். 1918 யூலையில் மறுபடி பறந்து, இரண்டு வாரங்களுக்குள் 10 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு. 22ஆம் திகதி அவரது விமானமே வீழ்த்தப்பட்டது. வயது 19.

நம்மை ஆண்டவர்களுக்காகத்தானே அந்தப் பிள்ளை பறந்தது என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உறுத்தும். என் மனதில் நிற்பவர் அவருடைய தாய் லலிதா ராய். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1911இல் லண்டனில் நடந்த பெரும் ஊர்வலத்தில் சேலை உடுத்த இந்தியப் பெண்களோடு நடந்தவர். போருக்குப் பின் இந்தியப் பெண்களின் வாக்குரிமைக்காகவும் வாதாடினார். மகனுக்கு இறந்தபின் டி.எப்.சி. பதக்கம் கொடுத்தார்கள், அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்.

பேத்தி பதக்கத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா இடைமறித்தார்.

"பெடியன்ர உடம்பு கிடைச்சதோ பிள்ளை?"

"பிரான்ஸில எஸ்தெவெல் எண்ட ஊரில கல்லறை இருக்கு அம்மா. வங்காள எழுத்திலையும் கல்லில பொறிச்சிருக்கு."

"அப்ப அந்த மனிசிக்கு இடம் தெரியும்" என்றபடி, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்க எழுந்து போனார்.