முகம் தெரியும் மாலை

கடலூரில் சூரியன் கடலுக்குள் இறங்குவதில்லை. கடலிலிருந்து எழுந்து, பகல் முழுக்க ஊரைக் காய்ச்சிவிட்டு, சவுக்குத் தோப்புகளுக்குப் பின்னால் நெய்வேலிப் பக்கம் போய் மறைகிறது. நிலப்படத்தைப் பார்த்தாலே தெரிகிற சங்கதிதான். ஆனாலும் கோயம்புத்தூரில் பிறந்தவனுக்குக் கடல் என்றால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போய்ப் பார்க்கிற கடல். கோழிக்கோடு, கண்ணூர், பேக்கல் என்று அந்தக் கரைகளில் அந்தியைப் படமெடுத்துப் பழகிய கண்ணோடு தேவனாம்பட்டினத்து மணலில் வந்து நின்றபோது, எந்தப் பக்கம் திரும்புவது என்பதே முதல் கேள்வியாக இருந்தது.

கடலும் அந்தியும் சேர்ந்த படத்தில் ஆள் வேண்டுமா, வேண்டாமா என்பது படமெடுப்பவர்களுக்குள் ஓயாத வழக்கு. ஆள் வந்தால் பார்ப்பவரின் கண் ஆளிடமே போய்விடும், கடல் வெறும் திரைச்சீலையாகிவிடும் என்பார்கள் ஒரு சாரார். ஆள் இல்லாவிட்டால் அலை முழங்கால் உயரமா பனை உயரமா என்றே தெரியாது என்பார்கள் மற்றவர்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இரு தரப்பும் மேற்குக் கடலை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள். அங்கே சூரியன் கேமராவுக்கு எதிரே நிற்கும். வானத்தின் வெளிச்சத்துக்கு அளவு வைத்தால் முன்னால் நிற்கும் மனிதர் கறுத்துப் போவார். மூக்கு இல்லை, கண் இல்லை, வயது இல்லை, சேலையின் நிறம் இல்லை. முகம் இல்லாததால் சம்மதம் கேட்கவும் வேண்டியதில்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். எனவே வழக்கு அழகைப் பற்றியதாகவே நின்றுவிடுகிறது.

தேவனாம்பட்டினத்தில் அந்த வழக்கு அழகோடு நிற்காது. கெடிலம் ஆறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய கரை இது. சில்வர் பீச் என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்கு உடனே புரிகிறது. பக்கத்திலேயே, 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிய புனித டேவிட் கோட்டையின் மிச்சங்கள் இருக்கின்றன. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு தூரத்து ஊர்களும் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். குண்டு கிராமங்கள் என்ற பெயர் அப்படி வந்தது. நான் போனது கோட்டைக்காக அல்ல, மாலை வெயிலுக்காக.

சூரியன் தாழத் தாழ, சவுக்குத் தோப்பின் நிழல் மணலில் நீண்டு கடலை நோக்கி நகர்ந்தது. முதலில் வீடுகள் நிழலுக்குள் போயின. பிறகு வலைக் குவியல்கள். பிறகு கரையேற்றிய ஃபைபர் படகுகள். கடைசி வெயில் நீர் விளிம்பில் நின்றவர்கள் மேல் மட்டும் விழுந்தது. அந்த வெயிலில் அவர்கள் முகத்தின் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. உப்புக் காற்றில் நரைத்த புருவம், மூக்குத்தியின் ஒற்றைக் கல், வலை இழுத்துக் காய்த்த உள்ளங்கை, எல்லாம் பொன்னிறத்தில். பின்னால் கடல் நீலமாகக் கிடந்தது. மேற்குக் கரையில் எத்தனையோ அந்திகளைப் பார்த்தும் ஒரு தடவைகூட இப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

வெயில் போன பிறகு நடந்தது அதைவிட ஆச்சரியம். கடல் விளிம்பிலிருந்து சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு பட்டை மெல்ல எழுந்தது. மழை மேகம் என்று நினைக்கத் தோன்றும், மேகம் இல்லை. அது பூமியின் நிழல். நாம் நிற்கும் இந்த உருண்டை தன் பின்னால் வீசும் நிழல் வளிமண்டலத்தின் மேல் விழுந்து தெரிகிறது. அதற்கு மேலே இளஞ்சிவப்பில் இன்னொரு பட்டை. மேலைநாட்டு வானியலார் அதற்கு வீனஸின் அரைக்கச்சை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த ஊரிலும் சூரியன் மறையும்போது கிழக்கு வானில் இது உண்டு. ஆனால் மரமும் கட்டடமும் மறைக்காத கிழக்கு அடிவானம் வேண்டும். சோழமண்டலக் கரை முழுக்க அது தினமும் கிடைக்கிறது. ஆண்டவா, இதைப் பார்க்கவா இவ்வளவு வயது ஆயிற்று என்று இருந்தது.

அதற்கு முன், வெயில் இருந்தபோதே, அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டுக் கேட்டார்.

“சூரியன் அந்தாண்ட இருக்கு தம்பி. இங்க நின்னு என்னத்தப் புடிக்கிறீங்க?”

“உங்களத்தானுங்க ஐயா. எடுக்கலாமுங்களா?”

“எங்களயா?” என்று சிரித்தார். “இருங்க, சட்டை போட்டுக்கிறேன்.”

சூரியன் தன் முழு விட்டத்தை இறங்க ஏறக்குறைய 2 நிமிடம்தான் எடுக்கும். நம் அட்சரேகையில் அது கிட்டத்தட்ட நேர்க்குத்தாக இறங்குவதால் அந்தி வெளிச்சமும் சீக்கிரம் தீர்ந்துவிடும். பெரியவர் படகுக்குள்ளிருந்து சட்டையை எடுத்து, உதறி, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டார். வெற்று முதுகும் வலையுமாக எடுத்திருந்தால் பத்திரிகைக்காரர்கள் விரும்பும் படம் கிடைத்திருக்கும். ஆனால் தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். காத்திருந்தேன். வெளிச்சமும் அவருக்காக இருந்தது. மறுநாள் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்டுடியோவில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, தன் முகத்தைப் பார்க்கும் முன் பின்னால் நின்ற படகைப் பார்த்தார். “போட்டு நல்லா வந்திருக்கு” என்றார்.

படத்தை வாங்கிப் பார்த்த அவர் மனைவி வேறொன்று சொன்னார். “சுனாமி வந்தப்ப எவ்வளவோ பேரு வந்து எடுத்தாங்க. யாரும் கேக்கல. கேட்டா பதில் சொல்ற நெலமையில நாங்களும் இல்ல.”

2004 டிசம்பர் 26 அன்று கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று கரையோரக் குப்பங்கள் சிதைந்தன. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 28 அன்று, ராய்ட்டர்ஸ் நிறுவனத்துக்காக ஆர்கோ தத்தா கடலூரில் எடுத்த ஒரு படம் அந்த ஆண்டின் வேர்ல்ட் பிரஸ் போட்டோ முதல் பரிசைப் பெற்றது. மணலில் குப்புற விழுந்து, உள்ளங்கைகள் மேல்நோக்கி விரிய அழும் ஒரு பெண். சட்டத்தின் ஓரத்தில், உயிர் போன ஒரு கை மட்டும். முகமோ உடலோ இல்லை. உலகம் கடலூரை அறிந்தது அந்தப் படத்தால்தான்.

அந்தப் படத்தில் கடல் இல்லை என்பதை இந்தப் பயணத்தில்தான் கவனித்தேன். அலை இல்லை, அடிவானம் இல்லை. ஆனால் கடலை நினைக்காமல் அதைப் பார்க்க யாராலும் முடியாது. மனிதர் இல்லாத கடலை எவ்வளவோ பேர் எடுத்திருக்கிறார்கள். கடலே இல்லாத கடற்படம் இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து. கடல் செய்தது முழுவதும் அந்த உள்ளங்கைகளில் இருக்கிறது. இந்தக் கரையில் நின்றுகொண்டு, படத்தின் தூய்மைக்காக ஆட்கள் கொஞ்சம் விலகிப் போகட்டும் என்று காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்காக ஆளில்லாத கடல் பொய் என்று சொல்ல மாட்டேன். ஜப்பானியக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980 முதல் உலகின் பல கடல்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துவந்தவர். பாதி வானம், பாதி நீர், படகில்லை, பறவையில்லை. ஆதி மனிதன் பார்த்த கடலை இன்றைக்கும் பார்க்க முடியுமா என்பது அவர் தேடல். அந்தப் படங்கள் முன் நின்றால் பேச்சு அடங்கிவிடும். சிதம்பரம் கோயிலில் நின்றபோது அவர் நினைவு வந்தது. பொன்னம்பலத்தில் கையும் காலும் வீசி ஆடும் உருவம் ஒன்று. அருகிலேயே திரைக்குப் பின்னால், பொன் வில்வ இலைச் சரங்கள் மட்டும் தொங்கும் வெறும் வெளி. உருவத்தையும் வெளியையும் ஒரே சபையில் வைத்துக் கும்பிட்ட ஊரில் ஆளா, ஆளில்லா வெளியா என்று கட்சி கட்டத் தோன்றவில்லை. ஆனால் வெறும் வெளியைக் காட்ட அங்கே திரையை விலக்க வேண்டியிருக்கிறது. யாரையும் விலக்கவில்லை.

கடலூரில் மேற்கைப் பார்த்த அந்தி வேண்டுமென்றால் அதற்கும் இடம் உண்டு. சோனாங்குப்பம் கடலுக்கும் உப்பனாற்றுக்கும் இடையே மணல் திட்டாகக் கிடக்கிறது. ஆற்றங்கரையில் நின்றால் நீருக்கு அப்பால் பழைய துறைமுகத்துக் கட்டடங்களும், விசைப்படகுகளும், தெற்கே சிப்காட் ஆலைகளின் புகைபோக்கிகளும், அவற்றுக்குப் பின்னால் இறங்கும் சூரியனும் தெரியும். அங்கே படகுக்காரர்கள் கறுத்த வடிவங்களாகத்தான் வருவார்கள். இந்தச் சிக்கல் புகைப்படக்கலை பிறந்த காலத்திலிருந்தே இருக்கிறது. வானத்துக்கும் கடலுக்கும் ஒரே தகட்டில் வெளிச்சம் சரிவராததால், பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே 1850-களில் வானத்தைத் தனியாகவும் கடலைத் தனியாகவும் எடுத்து, இரண்டு தகடுகளை ஒரே படமாக அச்சிட்டார். இன்று கைபேசி அதே வேலையை நாம் அறியாமலே செய்து முடிக்கிறது. முகம் கறுத்துப் போவதற்கு இனிமேல் கருவியைக் காரணம் சொல்ல முடியாது.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் வேறு விதமான கஷ்டம். சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லை மரமும் நிறைந்த இந்தக் காட்டை எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ காலத்திலிருந்து சினிமா எடுத்துவருகிறது. பயணிகள் வேர்களைப் படமெடுக்கிறார்கள். அதே வாய்க்கால்களில் இருளர் பழங்குடியினர் கழுத்தளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். கை இரண்டும் நீருக்குள் இருப்பதால் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு நகர்கிறார்கள். மாலை வெயில் சாய்ந்து விழும்போது அதைவிட வலிமையான காட்சி இந்தப் பகுதியில் கிடையாது. நான் எடுக்கவில்லை. வாயில் பறியைக் கடித்திருப்பவரிடம் சம்மதம் கேட்டால் அவர் எப்படிப் பதில் சொல்வார்? கரையேறும் வரை இருந்து பேசலாம் என்றால், பயணிகளுக்கான படகு அதற்குள் திரும்பிவிடுகிறது.

இலங்கையின் தென்கரையில் கொக்கலையிலும் வெலிகமையிலும் கடலுக்குள் நட்ட கம்பத்தில் அமர்ந்து தூண்டில் போடுவார்கள். 1995-இல் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி அவர்களை எடுத்த படம் உலகம் சுற்றியது. இப்போது அங்கே பலர் மீனுக்காக அல்லாமல் கேமராவுக்காக ஏறி அமர்ந்து காசு வாங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தங்கள் உருவத்துக்கு விலை உண்டு என்று நாம்தான் அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தோம். அந்த விலையை அவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். இருளர்களின் படத்தால் அவர்களுக்கு அதுகூடக் கிடைப்பதில்லை என்பதுதான் உறுத்துகிறது.

கிழக்குக் கரையின் அந்தியை எடுக்க விரும்புகிறவர்கள் மாசி மகத்தை ஒட்டி வர வேண்டும். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகசுவாமி கிள்ளைக்கு எழுந்தருளிக் கடலில் தீர்த்தவாரி காண்பார். வழியில் தர்காவில் முஸ்லிம்கள் வரவேற்று மரியாதை செய்வார்கள். தேவனாம்பட்டினத்திலும் அன்று பல ஊர்ச் சாமிகள் கடலுக்கு வரும். மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருவதால், மாலையில் ஒரு பக்கம் சூரியன் தோப்புக்குப் பின்னால் இறங்க, மறுபக்கம் நிலா கடலிலிருந்து ஏறும். கரையில் நிற்பவர்களின் முகத்தில் வெயில், முதுகுக்குப் பின்னால் நிலா. கிள்ளைக்குப் போக சிதம்பரத்தில் இறங்கிப் பேருந்து பிடிப்பது சுலபம். தேவனாம்பட்டினம் என்றால் திருப்பாதிரிப்புலியூரில் இறங்க வேண்டும். சவுக்கின் நிழல் சூரியனுக்கு முன்பே கரையை மூடிவிடும் என்பதால், அஸ்தமன நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே நீர் விளிம்புக்குப் போய்விடுங்கள்.