தேர்வுக் கூடமும் நம் பிள்ளைகளும்

தேர்வுக் காலம் நெருங்கிவிட்டால் நம் வீடுகளின் நடைமுறையே மாறிவிடும். தொலைக்காட்சி வாய்மூடிக்கொள்ளும். இரவு பதினொரு மணிக்கு மேலும் உம்மா விழித்திருந்து தேநீர் போட்டுக் கொடுப்பார். ஃபஜ்ருக்குப் பின் யாஸீன் ஓதி ஊதிய தண்ணீர் ஒரு குவளையில் காத்திருக்கும். வாசலுக்கு வரும் ஏழைக்கு ஸதகா போகும். வளைகுடாவில் வேலை பார்க்கும் வாப்பா நாளுக்கு இருமுறை கைப்பேசியில் அழைத்து, "மனசைத் தளரவிடாதேம்மா, வாப்பா துஆச் செய்கிறேன்" என்பார். இத்தனை அக்கறை நிறைந்த வீட்டில் ஒரு பொருள் மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. பிள்ளை படிக்கும் பல்கலைக்கழகத்தின் தேர்வு விதிகள் அச்சிடப்பட்ட சிறு புத்தகம்தான் அது.

தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் முப்பத்தோராண்டுகள் ஆசிரியனாக இருந்தவன் நான். இறுதிச் சில ஆண்டுகளில் தேர்வு மையத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் பொறுப்பும் என் தோளில் விழுந்தது. பாடம் தெரியாமல் தோற்ற பிள்ளைகளைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்பட்டதில்லை; அவர்கள் மீண்டும் படித்து எழுதிவிடலாம். விண்ணப்பம் ஒன்றை எழுதிக் கொடுக்கத் தயங்கி ஓராண்டைப் பறிகொடுத்தவர்களை நினைத்தால்தான் இன்றும் மனம் ஆறவில்லை.

கல்லூரி நிருவாகத்திடம் எதையேனும் கேட்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும் என்றோர் எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. கிடைப்பதெல்லாம் முதல்வரின் தயவு; கிடைக்காவிட்டால் நம் நஸீபு. தகப்பனார் வந்தாலும் கைகட்டி நிற்பார். "பார்த்துச் செய்யுங்கள் சார்" என்பதற்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். தயவைப் பெறச் சிபாரிசு வேண்டும். உரிமையைப் பெறத் தேதியிட்ட ஒரு தாள் போதும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

வருகைப்பதிவிலிருந்தே தொடங்கலாம். நூற்றுக்கு 75 விழுக்காடு வகுப்புக்கு வந்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அதற்குச் சற்றுக் குறைந்தால், மருத்துவச் சான்றும் உரிய கட்டணமும் பெற்றுக்கொண்டு அக்குறையைப் பொறுத்தருளப் பல பல்கலைக்கழகங்களின் விதிகளில் இடமுண்டு. மஞ்சள் காமாலையில் ஒரு மாதம் படுத்தெழுந்த பிள்ளை, வகுப்புக்குத் திரும்பிய அன்றே சான்றைக் கொடுத்துவிட்டால் தொல்லையில்லை. நம்மவர்களோ நுழைவுச்சீட்டு மறுக்கப்பட்ட பிறகுதான் மருத்துவரைத் தேடி ஓடுவார்கள். பின்தேதியிட்ட சான்று எந்த அலுவலகத்திலும் ஐயத்துடனேயே பார்க்கப்படும். அதில் வியப்பும் இல்லை. எதைக் கொடுத்தாலும் இரண்டு படிகள் எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். இதைச் சொன்னால், "சார் மீது நம்பிக்கையில்லையா என்று கேட்டுவிடுவாரே" என்று தயங்குகிறார்கள். கேட்கட்டுமே.

இனி, இதைவிடக் கனமான ஒன்று. கண்பார்வை மங்கிய மாணவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். கரும்பலகையில் எழுதுவதை அவன் படித்ததே இல்லை. காதால் கேட்டே தேறி வந்தான். மூன்று மணி நேரத் தேர்வில் பாதித் தாளுக்கு மேல் அவனால் எழுத முடியவில்லை. மாற்றுத்திறனாளிச் சான்று பெற்றால் சொல்வதை எழுதுபவர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று அவன் தாயாரிடம் எடுத்துரைத்தேன். அந்த அம்மையார் அழுதுவிட்டார். "சார், இவனுக்குக் கீழே இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். குடும்பத்தில் கண் குறை என்று ஊரில் பேர் விழுந்துவிட்டால் யார் சம்பந்தம் பேச வருவார்கள்?" என்றார். அந்தக் கேள்வியில் இருந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் தங்கைகளின் திருமணத்திற்காக அண்ணன் தன் பார்வைக் குறையை மூன்றாண்டுகள் மறைத்துச் சுமப்பது எந்த நியாயத்தில் சேரும்?

சட்டம் இவ்வகையில் வெகுதூரம் வந்துவிட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் இது சலுகையன்று, உரிமை. மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளின்படி எழுத்துத் தேர்வின் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் மிகுதியாகக் கிடைக்கும். ஊனம் 40 விழுக்காட்டை எட்டினால்தான் எழுதுபவரைத் தருவோம் என்று அலுவலகங்கள் நெடுங்காலம் வாதிட்டன. எழுதும்போது விரல்கள் பிடித்துக்கொள்ளும் நோயுடைய ஒருவர் தொடுத்த வழக்கில், அந்த 40 விழுக்காட்டு வரம்பைத் தடையாகக் காட்டக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதன்பின் 40 விழுக்காட்டிற்குக் குறைந்தவர்களுக்கெனத் தனி நெறிமுறைகளை 2022-இல் மத்திய அரசு வெளியிட்டது.

அதே 2021-இல் இன்னொரு வழக்கும் வந்தது. எழுதுவதில் குறைபாடுடைய ஒரு மாணவிக்கு மருத்துவ நுழைவுத் தேர்வில் உரிய கூடுதல் நேரத்தைத் தராமல் தேர்வு மையத்தார் தாளைப் பறித்துக்கொண்டார்கள். அவருக்கு இழைக்கப்பட்டது அநீதியே என்று உச்சநீதிமன்றம் நவம்பரில் ஒப்புக்கொண்டது. தேர்வு நடத்திய அமைப்பு தக்க பரிகாரம் தேட வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் மறுதேர்வு நடத்தும்படி ஆணையிடவில்லை. இதைப் பெற்றோர் நன்கு மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கைநழுவிய ஒரு மணி நேரத்தை நீதிமன்றத்தாலும் திருப்பித் தர இயலாமற்போகலாம். ஆகவே கூடத்தில் இன்னார் எழுதுவார், இவ்வளவு நேரம் உண்டு என்ற ஆணையை முன்னதாகவே எழுத்தில் பெற்று, தேர்வு நாளில் கையோடு கொண்டுபோக வேண்டும்.

தலைமுக்காட்டைப் பற்றியும் பல தாய்மார்கள் என்னிடம் கேட்பதுண்டு. நான் பணிசெய்த பகுதியின் கல்லூரித் தேர்வுகளில் அது சிக்கலானதை நான் கண்டதில்லை. நுழைவுத் தேர்வுகளில்தான் ஆடைக் கட்டுப்பாடு கடுமை. 2016-இல் கேரள உயர்நீதிமன்றம், மாணவி முன்கூட்டியே வந்து, தேவைப்பட்டால் பெண் அலுவலரின் சோதனைக்கு உட்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு முக்காட்டை அனுமதித்தது. மரபு ஆடை அணிவோர் முன்னதாகவே வந்துவிட வேண்டும் என்று நுழைவுத் தேர்வு அறிவிப்புகளும் சொல்கின்றன. எனவே அன்று காலை வண்டி ஏறும் நேரத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

தேர்வுக் கூடத்துக்குள் மாணவன் தனியன். அங்கே அவன்மீது முறைகேட்டுக் குற்றச்சாட்டு விழுந்தால் என்ன நடக்கும் என்பது வெளியிலிருப்போர் பலருக்குத் தெரியாது. வேறொரு மையத்தில் எழுதிய மாணவன் ஒருவனின் கதையைச் சொல்கிறேன். வினாத்தாளைப் பெற்றபின், நுழைவுச்சீட்டின் பின்புறத்தில் பென்சிலால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறான். செய்யக் கூடாததுதான், ஆனால் வீட்டிலிருந்து எழுதிக் கொண்டுவந்தது அன்று. கண்காணிப்பாளர் பிடித்தார். அலுவலக அறையில், "தவறு செய்துவிட்டேன், மன்னிக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போடு; பெரிதாக ஒன்றும் வராது" என்றார்கள். பயந்த பிள்ளை அப்படியே எழுதிக் கொடுத்தான். விசாரணைக் குழுவின் முன் அந்த ஒரு வரிதான் இருந்தது. அப்பருவத்தில் அவன் எழுதிய தாள்கள் அனைத்தும் செல்லாதவையாயின.

அவனுக்கு மிரட்டல் ஏதும் நேர்ந்ததாக நான் சொல்லவில்லை. அன்று களைத்துப்போயிருந்த அலுவலர் எளிய வழியைக் காட்டினார், அவ்வளவுதான். ஆனால் மாணவனிடம் வாக்குமூலம் கேட்கப்படும்போது, நடந்ததை நடந்தவாறே தன் சொற்களில் எழுத அவனுக்கு உரிமையுண்டு. 'வினாத்தாள் கொடுத்த பிறகு, இந்த வினாவுக்காக இங்கே போட்ட கணக்கு இது' என்று இரண்டு வரி எழுதியிருந்தால், குழுவினர் வினாத்தாளை ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்திடக் கூடாது. முறைகேடு செய்ததாகச் சொல்லி ஒரு மாணவரின் தேர்வை ரத்துச் செய்யுமுன் அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1962-லேயே உத்தரப் பிரதேசத் தேர்வு வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. ஒரு மையமே கூண்டோடு காப்பியடித்த நிலையில் ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்கத் தேவையில்லை என்று 1970-இல் பீகார் வழக்கில் சொன்னதும் அதே நீதிமன்றம்தான். தனியொருவன்மீது வரும் குற்றச்சாட்டுக்கு முதல் தீர்ப்பே துணை.

முடிவு வெளியானபின் வரும் துயரம் இன்னொரு வகை. நன்றாக எழுதியதாக நம்பிய தாளில் இருபது மதிப்பெண் வந்து நிற்கும். மறுமதிப்பீடு என்பது பல்கலைக்கழக விதியில் இருந்தால்தான் உண்டு. விதியில் இல்லாததை உரிமையாகக் கோர முடியாது என்று 1984-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் திருத்தப்பட்ட தன் விடைத்தாளைக் காணும் உரிமை வேறு. விடைத்தாளும் தகவலே, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாணவர் அதைப் பார்க்கலாம், படியும் பெறலாம் என்று அந்நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. திருத்தியவரின் பெயரை மட்டும் கேட்க முடியாது. 10 ரூபாய்க் கட்டணத்துடன் பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதினால் 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விடைத்தாள்களைக் குறிப்பிட்ட காலத்திற்குப் பின் அழித்துவிடுவார்கள்; அழிந்துபோன தாளை எந்தச் சட்டமும் மீட்டுத் தராது. மறுமதிப்பீட்டுக்குக் குறித்த கெடுவும் மனுவுக்கான பதிலுக்காகக் காத்திராது. ஆகவே முடிவு வந்த வாரத்திலேயே இரண்டையும் செய்துவிடுவது நல்லது.

கல்லூரி செவிசாய்க்கவில்லை என்றால் அடுத்த வாசல் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் வெளியிட்ட ஒழுங்குமுறையின்படி ஒவ்வோர் உயர்கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். புகார் பெற்று 15 வேலை நாளுக்குள் அது தன் அறிக்கையைத் தர வேண்டும். அதில் மனநிறைவில்லையெனில் பல்கலைக்கழகத்தின் குறைகேட்பு அதிகாரியிடம் 15 நாளுக்குள் முறையிடலாம். தேர்வையோ முடிவையோ காலம் தாழ்த்துவது, நேர்மையற்ற மதிப்பீடு முதலியவையெல்லாம் இதில் அடங்கும். 'எனக்கு மதிப்பெண் குறைந்துவிட்டது' என்ற முறையீட்டை மட்டும் குறைகேட்பு அதிகாரி ஏற்கமாட்டார். முடிவையே மாற்றக்கூடிய முறைகேட்டையோ பாகுபாட்டையோ குறிப்பாகச் சுட்டிக்காட்ட வேண்டும்.

உடம்பைப் போலவே மனமும் நோய்ப்படும். தூக்கமின்றி, உணவின்றி, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் பிள்ளையிடம் "ஈமான் குறைந்துவிட்டது" என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன், கேட்டு வருந்தியிருக்கிறேன். மத்திய அரசின் டெலி-மானஸ் என்னும் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள நிறுவனங்களில் தகுதி வாய்ந்த மனநல ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2025 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. உங்கள் பிள்ளையின் கல்லூரியில் அவர் யார், எந்த அறையில் இருக்கிறார் என்று கேட்டு வாருங்கள்.

நம் வீடுகளுக்கென்றே உரிய ஒரு சங்கடத்தைச் சொல்லாமல் விட இயலாது. இரண்டாமாண்டில் நிகாஹ், மூன்றாமாண்டில் பிள்ளைப்பேறு. பட்டம் அங்கேயே நின்றுபோகிறது. சபராளி மாப்பிள்ளையின் விடுமுறைக்கு ஏற்றவாறு ஏப்ரலில் நாள் குறிக்கிறோம். ஏப்ரலில்தான் தேர்வும் வருகிறது. மாணவியரின் பேறுகால விடுப்புக்கு விதிகளை வகுத்து, வருகைப்பதிவிலும் தேர்வு விண்ணப்பம் செலுத்தும் நாளிலும் தளர்வு தருமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரில் துணைவேந்தர்கள் அனைவருக்கும் எழுதியது. பேறுகால வருகைக் குறைவைக் காட்டி எம்.எட். மாணவி ஒருவருக்கு விடுப்பை மறுத்த பல்கலைக்கழகத்தின் முடிவை டெல்லி உயர்நீதிமன்றம் 2023 மே மாதத்தில் நீக்கி, மீண்டும் பரிசீலிக்கச் சொன்னது.

நான் பொறுப்பிலிருந்த ஒரு பருவத்தில், பிரசவித்து நாற்பது நாளும் நிறையாத மாணவி ஒருத்தி தேர்வெழுத விரும்புவதாக விண்ணப்பம் வந்தது. குழந்தைக்குப் பாலூட்ட இடையில் ஒருமுறை வெளியே செல்ல அனுமதியும், கீழ்த்தளத்தில் ஓர் இருக்கையும் கேட்டிருந்தார்கள். பெண் கண்காணிப்பாளர் ஒருவரை உடன் அனுப்பி இரண்டையும் ஏற்பாடு செய்தோம். அந்த விண்ணப்பத்தை அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுத்து, படியில் முத்திரையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனவர் அப்பெண்ணின் மாமியார். தேர்வு நடந்த ஐந்து நாளும் நடைகூடத்து விசிப்பலகையில் பேரனை மடியில் கிடத்திக்கொண்டு அவரேதான் உட்கார்ந்திருந்தார்.